ஏரிக்கடியில் ஓர் அடுப்பு

என் அக்காவுக்கு ஓர் அடுப்பைப் பார்க்கவேண்டும் என்று ஆசை. அவளுடைய வீட்டுக் குசினியில் இருக்கிற அடுப்பை அவள் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அதை அத்தான்தான் பார்த்துக்கொள்கிறார். அக்கா ஆசைப்பட்டது வேறோர் அடுப்பு. ரொறன்ரோவிலிருந்து வடக்கே நாலு மணித்தியாலம் கார் ஓடி, டொபர்மோரியில் படகேறி, ஐஸ்பெட்டி மாதிரிக் குளிர்ந்த ஏரிக்குள் குதித்து, எட்டு மாடி ஆழத்துக்குக் கீழே போனால் ஒரு பழைய பாய்மரக் கப்பல் கிடக்கிறது. அது மூழ்கி நூறு வருடத்துக்கு மேலாகிறது. அதன் மேல்தட்டில் சமையல்காரனுடைய இரும்பு அடுப்பு இன்னும் நாலு காலில் நிற்கிறது. உப்பில்லாத தண்ணீர், எந்நேரமும் குளிர்ந்த தண்ணீர். மரத்தைத் தின்கிற புழு அங்கே இல்லை. அதனால் பலகையும் பழுதில்லை, அடுப்பும் விழவில்லை.

அக்கா ஒரு ஒஃபிசில் கணக்கு எழுதுகிறவள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொம்பியூட்டரில் எதையோ தேடப்போய் இந்த அடுப்பின் படம் அகப்பட்டதாம். அன்றைக்குப் பிடித்த விசர்.

"அதில என்ன கிடக்கு?" என்று கேட்டேன்.

"கப்பல்ல பாதி உடைஞ்சுபோச்சு. ஆக்களும் இல்லை. அடுப்பு மட்டும் நிக்குது."

"அம்மாட்டையும் ஒண்டு நிக்குது. பாக்க ஒட்சிசன் தேவையில்லை."

"உனக்கு விளங்காது. போ."

எனக்கு விளங்காத விசயங்கள் நிறைய. நான் கொலிஜில் இரண்டு தரம் சேர்ந்து இரண்டு தரமும் வெளியே வந்தவன். அந்தக் கட்டடத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் வெளிவாசல்தான். இப்போது ஸ்காபரோவில் கார்களுக்கு ரயர் மாற்றுகிற ஒரு கடையில் வேலை. ஆனால் அக்காவுக்கு என்னை விட்டால் வேறு வழியில்லை. தண்ணீருக்கடியில் தனியாகப் போக விடமாட்டார்கள்; சோடியாகத்தான் போகவேண்டும். அத்தானோ குளிக்கிற தொட்டியிலேயே விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருக்கிற மனிசன். ஆகவே என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், நீச்சல் குளத்தில் டைவிங் படிக்கவைத்து, அதில் பாஸ் என்று ஒரு அட்டையும் வாங்கித் தந்தாள். நான் ஒரு படிப்பைத் தொடங்கி முடித்தது அதுதான் முதல் தரம். அதற்காக வீட்டில் கேக் வெட்டினார்கள். நீச்சல் படிக்கிறானாக்கும் என்று நினைத்துத்தான் அம்மா அந்தக் கேக்கைச் சாப்பிட்டார்.

அடுப்பை நோக்கி அக்கா அதற்கு முன்னமே இரண்டு தரம் போயிருந்தாள். முதல் தரம் காற்று. படகே துறையை விட்டு வெளிக்கிடவில்லை. இரண்டாம் தரம், முன்பின் தெரியாத ஒருத்தனோடு சோடி சேர்ந்து இறங்கி, பாதி வழியில் காது அடைத்து, கப்பலின் நிழலைக்கூடக் காணாமல் மேலே வந்துவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒருத்தரோடும் கதைக்கவில்லை. நான் பகிடி விட்டும் அடிக்கவில்லை. அப்போதுதான் இது சின்ன விசர் இல்லை என்று எனக்குப் பட்டது.

மூன்றாம் தரம் போன வருடம், செப்டம்பரில். அதுதான் கடைசித் தரம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அக்காவும் அத்தானும் ஒரு பிள்ளைக்காகக் கனகாலமாகக் காத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் அவளுக்கு அதற்கான சிகிச்சை தொடங்க இருந்தது. ஊசியும் மருந்தும் தொடங்கிவிட்டால் டைவிங் கிடையாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பிறகு எப்போது என்று ஒருத்தருக்கும் தெரியாது. அதனால்தான் அந்தச் சனிக்கிழமை.

விடிய முதலே டோர்செட் பார்க்கில் எங்கள் பில்டிங்குக்குக் கீழே வந்து நின்று ஹோன் அடித்தாள். நான் ஒரு பெட்டி மட்டின் றோல்ஸோடு ஏறினேன்.

"டேய், அதைக் கண்ணாடியைத் திறந்துபோட்டுத் தின்."

"ஏன், உனக்கும் ஒண்டு தரட்டோ?"

"நான் மச்சம் சாப்பிடுறேல்லை எண்டு உனக்குத் தெரியும்."

"ஐயோ, மறந்துபோனன்," என்று சொல்லிக்கொண்டு அவளுடைய மூக்குக்குக் கிட்டப் பிடித்துக் கடித்தேன்.

நான் மறக்கவில்லை. அதற்கு முந்தின கிழமை அம்மா அவளை அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், அருச்சனை செய்வித்து, இடது மணிக்கட்டில் மஞ்சள் பூசின காப்பு நூல் கட்டுவித்திருந்தார். பிள்ளைக்கான நேர்த்திக்கடன். வருகிற பூரணை வரைக்கும் காப்பு கையில் இருக்கவேண்டும், மீனோ இறைச்சியோ, எந்த மச்சமும் வாயில் படக்கூடாது. அக்கா கோயிலில் நின்றுகொண்டு போன் பார்க்கிற ஆள். சும்மா அம்மா விடாமல் கேட்ட ஆய்க்கினைக்காகத்தான் கட்டியிருக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். டொபர்மோரிக்குப் போவது அம்மாவுக்குத் தெரியாது. ஏரிக்கரையில் ஒரு கொட்டேஜில் இரண்டு நாள் ரெஸ்ட் எடுக்கப் போகிறோம் என்று சொல்லியிருந்தோம். ஏரிக்கரை என்பது உண்மைதானே.

துறையில் படகு காத்திருந்தது. கப்டன் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. வயது அறுபதுக்கு மேலே இருக்கும். தோல் முழுக்க வெயில், குரல் முழுக்க டீசல். எங்களைப் போல இன்னும் ஆறு பேர் டைவ் பண்ண வந்திருந்தார்கள். ஒவ்வொருத்தருடைய காலிலும் ஒரு கத்தி. ஏதோ மீனோடு சண்டைக்குப் போகிறவர்கள் மாதிரி.

உடுப்பைப் பற்றி ஒரு விசயம் சொல்லவேண்டும். குளிர்த் தண்ணீருக்கு இரண்டு வகை உடுப்பு இருக்கிறது. ஒன்று டிரை சூட். கழுத்திலும் மணிக்கட்டிலும் மெல்லிய ரப்பர் வளையம் தோலோடு ஒட்டிப் பிடிக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. உள்ளே கம்பளி உடுப்புப் போட்டுக்கொண்டு மகாராணி மாதிரிப் போகலாம். அது அக்காவுடையது. மற்றது வெட் சூட். தடித்த ரப்பர், தண்ணீர் தாராளமாக உள்ளே வரும், வந்த தண்ணீரை நீதான் உன் உடம்புச் சூட்டால் சூடாக்கவேண்டும். அது என்னுடையது, அதுவும் வாடகைக்கு எடுத்தது. எனக்கு முதல் அதை யார் போட்டார், உள்ளே என்ன செய்தார் என்றெல்லாம் யோசிக்கக்கூடாது.

காலையில் முதல் இறக்கம், உடம்பைப் பழக்குவதற்காக, கரைக்குக் கிட்ட ஒரு பாறைச் சரிவில். மத்தியானம் இரண்டாவது இறக்கம், அதுதான் கப்பல்.

பாறைச் சரிவில் நான் ஓர் ஏரி இறாலைத் துரத்திக்கொண்டு இருந்தேன். திரும்பிப் பார்த்தால் அக்கா இடது கையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு, மேலே போகலாம் என்று சைகை காட்டுகிறாள். மேலே வந்து படகில் ஏறும்போது அவளுடைய உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. கப்டன் அவளுடைய சூட்டின் ஸிப்பைத் திறந்து கையை இழுத்து எடுத்தார். இடது கைப் பக்கம் கம்பளி முழுக்கத் தெப்பம். பிழிந்தால் ஒரு கேத்திலுக்குத் தண்ணீர் வரும்.

கப்டன் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பார்த்தார். கிழியவில்லை. பிறகு அக்காவின் மணிக்கட்டைப் பார்த்தார். காப்பு நூல். வளையம் தோலில் ஒட்டவேண்டிய இடத்தில் நூல் குறுக்கே போயிருந்தது. ஒரு திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அந்த நூல் ஏரியை உள்ளே இழுத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

"நூல்தானே எண்டு நினைச்சன்," என்றாள் அக்கா, பல் அடிக்க அடிக்க.

கப்டன் இடுப்பில் இருந்த கத்தரிக்கோலை எடுத்தார். அவருக்கு அது ஒரு கயிற்றுத் துண்டு. வெட்டிவிட்டால் முடிந்தது. அக்கா கையைப் பின்னுக்கு இழுத்துவிட்டாள்.

"இதை வெட்ட ஏலாது," என்று இங்கிலீசில் சொன்னாள்.

"அப்படியென்றால் நீ கப்பலுக்குப் போக ஏலாது," என்றார் கப்டன். கோபமாக இல்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரி. "இங்கே நனைந்ததுக்கே உன் முகத்தைப் பார். கீழே இதைவிட நாலு மடங்கு குளிர். நான் விடமாட்டேன்."

படகு துறைக்குத் திரும்பியது. அடுத்த இறக்கத்துக்கு ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும் இருந்தது. மற்ற ஆறு பேரும் சான்ட்விச் வாங்கப் போய்விட்டார்கள். அக்கா துறையில் ஒரு மரப்பெட்டிக்கு மேலே, போர்வையைச் சுற்றிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி இருந்தாள். நான் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"அக்கா, நீ கோயில்ல ஐயர் தட்டைக் காட்டேக்க ஒஃபிஸ் ஈமெயில் பாத்துக்கொண்டு நிண்டனீ."

"ஓம்."

"அம்மனுக்கே அது தெரியும்."

"தெரியும்."

"அப்ப என்ன? வெட்டிப்போட்டுப் பூரணைக்கு வேற நூல் ஒண்டு கட்டு. நானே மஞ்சள் பூசித் தாறன்."

அவள் சிரிக்கவில்லை. "நான் நம்புறனோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாதடா. ஆனா இந்த மாசம் ஒண்டையும் விட்டுப் பாக்க எனக்குத் தைரியம் இல்லை. வெட்டிப்போட்டு, பிறகு சரிவராட்டி, நான் காலம் முழுக்க இந்தக் கத்தரிக்கோலைத்தான் நினைச்சுக்கொண்டிருப்பன்."

"அப்ப அடுப்பு?"

"அதையும் விட ஏலாமத்தான் இதில இருக்கிறன்."

நான் எழும்பிக் கொஞ்சத் தூரம் நடந்து போய் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் யோசிக்காமல்தான் செய்தேன். யோசித்திருந்தால் எடுத்திருக்க மாட்டேன்.

"தம்பி, சாப்பிட்டியளோ?" என்றார் அம்மா.

"ஓம் அம்மா. ஒரு சின்னக் கேள்வி. காப்பு நனையலாமோ?"

"குளிக்கேக்க நனையும்தானே. அதுக்கென்ன?"

"கொஞ்சம் ஆழமாக் குளிச்சா?"

"எவ்வளவு ஆழம்?"

"எங்கட பில்டிங்கில எட்டாவது மாடியில நிண்டு கார் பார்க்கைப் பாத்தா எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு."

அதற்கு வந்த சத்தத்தில் நான் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன். துறையில் இருந்த கடற்பறவை இரண்டு எழும்பிப் பறந்தன.

"கோதாரி! ரெஸ்ட் எடுக்கப் போறம் எண்டு சொல்லிப்போட்டு அவளைத் தண்ணிக்குள்ள தள்ளப்போறியோ? உனக்குத்தான் மூளை இல்லை, அவளுக்குமோ? எதைப் பாக்கப் போறாளாம் அதுக்குள்ள?"

"அடுப்பு."

"என்னது?"

"அடுப்பம்மா. பழைய கப்பல்ல ஒரு அடுப்பு இருக்கு."

"அடுப்பு! ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்ர அடுப்பைத் துடைச்சுத் தந்தவளோ அவள்?"

இதற்குள் அக்காவுக்கு விளங்கிவிட்டது. போர்வையோடு ஓடி வந்தாள். "டேய் நாயே, அம்மாக்கோ எடுத்தனீ?" என்று என்னுடைய முதுகில் ஒன்று போட்டுவிட்டுப் போனைப் பறித்தாள். நான் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டேன். அவள் அதைக் கவனிக்கவில்லை.

அம்மா ஏசினார். அக்கா கேட்டுக்கொண்டு நின்றாள். ஏச்சு கொஞ்சம் ஓய்ந்த இடத்தில், நூலால் உடுப்புக்குள் தண்ணீர் வந்ததையும் கப்டன் மறித்ததையும் சொன்னாள். பிறகு இதையும் சொன்னாள்.

"அம்மா, இதுக்குப் பிறகு எனக்கு ஏலாது. பிள்ளை வந்தா வர நேரமிராது. வராட்டி... வராட்டி வர மனமிராது. இண்டைக்கு எனக்கு ரெண்டும் வேணும் அம்மா."

அம்மாவுடைய குசினியில் குக்கர் கூவுகிற சத்தம் மட்டும் எங்களுக்குக் கேட்டது.

"தம்பி பக்கத்தில நிக்கிறானோ?" என்றார் கடைசியில்.

"நிக்கிறன் அம்மா."

"அவன்ர உடுப்புக்குள்ளயும் தண்ணி போகக்கூடாதோ?"

"இல்லையம்மா, என்ர உடுப்புக்குத் தண்ணி போறதுதான் வேலை."

"அப்ப கேள். கத்தி படக்கூடாது. கத்தரிக்கோல் படக்கூடாது. முடிச்சைக் கையால அவிழ்க்கோணும். நிலத்தில வைக்கப்படாது. அவளின்ர கையில இருந்து நேர உன்ர கைக்குப் போகோணும். ஆம்பிளையளுக்கு வலது கை."

"என்ர கையோ?"

"வேற ஆரின்ர கை? ஒரு வயித்தில பிறந்தனியள்தானே. அவளுக்காக நீ கட்டியிரு. வந்து ஏறின உடன திருப்பி அவளுக்குக் கட்டு."

"பிறகு எனக்குப் பிள்ளை பிறந்தா?"

"வாயில அடிப்பன். அது உன்ர கையில இருக்கிற மட்டும் மச்சம் தொடாதை."

"நான் காலமையே றோல்ஸ் சாப்பிட்டிட்டன் அம்மா. ஆறு."

"வாயைக் கொப்பளி."

"இதெல்லாம் எந்தப் புத்தகத்தில கிடக்கு?"

"என்ர புத்தகத்தில," என்றார் அம்மா. "பிள்ளை, கவனம். மேல வந்த உடன எனக்கு எடு." போனை வைத்துவிட்டார்.

நாங்கள் கப்டனிடம் போனோம். அக்கா விசயத்தை விளக்கினாள். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஒவ்வொரு டைவுக்கும் முன்னம் விதிகளைத் திருப்பிச் சொல்வாரே, அதே குரலில் விரல் மடித்துச் சொன்னார்: "கத்தி இல்லை. நிலத்தில் படக்கூடாது. கையிலிருந்து கைக்கு. இவனுக்கு வலது கை. சரியா?" பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். "படகு வெளிக்கிட அரை மணித்தியாலம் இருக்கிறது. அதற்குள் அவிழ்ந்தால் வா."

அரை மணித்தியாலம் என்றால் எனக்கு நாலு ரயர் மாற்றக் காணும். ஒரு முடிச்சு எம்மட்டு?

அந்த முடிச்சு லேசுப்பட்டதல்ல. கட்டினவர் ஐயர். அவருக்கு அவிழ்க்கிற யோசனை ஒன்றும் இருந்திருக்காது. அதற்கு மேலே ஏரித் தண்ணீர் வேறு குடித்து, பருத்தி நூல் ஊதி, மூன்று முடிச்சும் சேர்ந்து ஒரு மிளகு மாதிரி இறுகிக் கிடந்தது. நகத்தால் கிண்டினேன். என் நகத்தில் இருந்த ரயர்க் கறுப்பு அதில் பட்டதே தவிர ஒன்றும் அசையவில்லை. அக்கா தானும் ஒரு கையால் முயன்று பார்த்தாள். அவளுடைய விரல் இன்னும் குளிரில் மரத்துப்போய், பிடிக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பல்லால இழு," என்றாள்.

"வாய் கொப்பளிக்கேல்லை இன்னும்."

"கொப்பளி, மூதேவி!"

ஏரித் தண்ணீரை அள்ளிக் கொப்பளித்தேன். பிறகு அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, குனிந்து, நாய் எலும்பைக் கடிக்கிற மாதிரி முடிச்சைக் கடித்தேன். வாயெல்லாம் மஞ்சள். ஐஸ்கிரீமோடு துறையில் உலாவ வந்த ஒரு சோடி நின்று பார்த்தார்கள். மனிசன் மனிசியின் தோளில் கை போட்டு மற்றப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். எங்களோடு டைவ் பண்ண வந்த ஆறு பேரும் சான்ட்விச்சோடு திரும்பி வந்து வட்டமாக நின்றார்கள். ஒருத்தன் இரக்கப்பட்டுத் தன்னுடைய காலிலிருந்து கத்தியை உருவினான்.

"கத்தி வேண்டாம்!" என்று கப்டன் படகுக்குள் இருந்து கத்தினார்.

"கடிக்காதை, கடிக்காதை, அது என்ர தோல்!" என்று அக்கா கத்தினாள்.

"ஆடாமல் நில்! ரெண்டும் ஒரே மஞ்சள், எனக்கு வித்தியாசம் தெரியேல்லை!"

இந்த இடத்தில் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்தால் முழு உடம்பும் ஆடும். கை ஆட, என் தலையும் கூடச் சேர்ந்து ஆட, எனக்கும் சிரிப்பு வர, சிரித்தால் பல் விடும், விட்டால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். கப்டன் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் கண்ணீர் வடிய வடிய ஒரு நூலைக் கடித்துக்கொண்டு நிற்கிறோம்.

கடைசியில் கப்டன்தான் ஒரு சின்னப் பித்தளை ஊசியோடு வந்தார். காற்றுச் சிலிண்டர் வாயில் இருக்கிற ரப்பர் வளையங்களைக் கிளப்புகிற, முனை மழுங்கின ஊசி. "இது கத்தி இல்லை," என்று அக்காவைப் பார்த்துக் கேட்கிற மாதிரிச் சொன்னார். அக்கா ஒரு நிமிடம் யோசித்தாள். அம்மாவின் புத்தகத்தில் ஊசியைப் பற்றி ஒன்றும் இல்லை. சரி என்று தலையாட்டினாள். நான் மிளகின் நடுவில் ஊசியை விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நெம்பினேன். முதல் முடிச்சு இளகியது. இரண்டாவதும் இளகியது. மூன்றாவது, தானாகவே.

நூல் நிலத்தில் விழுந்துவிடும் என்ற பயத்தில் ஆறு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள்.

விழவில்லை. அக்கா அதை அப்படியே என்னுடைய வலது மணிக்கட்டுக்கு மாற்றிக் கட்டினாள். பூ முடிச்சுத்தான் போட்டாள், இழுத்தால் கழன்று வருகிற மாதிரி. சப்பாத்துக்குப் போடுகிற முடிச்சு. "ஐயரை விட நீ கெட்டிக்காரி," என்றேன். அவள் முடிச்சை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டாள்.

கப்டன் தன்னுடைய பழைய கம்பளிச் சுவெட்டரைக் கொடுத்தார். நான் துவாயால் சூட்டின் கையை உள்ளே துடைத்துக் காயவைத்தேன். அக்கா அதைப் போட்டு, வெறும் மணிக்கட்டில் ரப்பர் வளையத்தை இழுத்துவிட்டாள். படகு வெளிக்கிட்டது.

கப்பல் கிடக்கிற இடத்தில் ஒரு மிதவை. மிதவையிலிருந்து கயிறு ஒன்று கீழே போகிறது. அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கவேண்டும். முதல் கொஞ்சத் தூரம் தண்ணீர் பரவாயில்லை, சொல்லப்போனால் சுகம். பிறகு ஓரிடத்தில் தண்ணீருக்குள்ளேயே ஒரு கோடு தெரியும். சூடான ரோட்டுக்கு மேலே காற்று நெளியுமே, அது மாதிரி நெளிகிற கோடு. அதற்குக் கீழே கால் போனதும், யாரோ ஐஸ்பெட்டியின் அடித்தட்டைத் திறந்து என்னை உள்ளே வைத்து மூடின மாதிரி. என் சூட்டுக்குள் வந்த தண்ணீர் நேரே முதுகுத்தண்டால் இறங்கியது. வாயில் மூச்சுக் குழாயின் ரப்பர் இருந்தபடியால் நான் கத்தினது குமிழியாகத்தான் போனது.

அக்கா காதைப் பிடித்துப் பிடித்து ஊதிக்கொண்டு இறங்கினாள். கயிற்றின் பாதியில், போன தரம் காது அடைத்த இடத்தில், நின்றாள். நானும் நின்றேன். மேலே ஒரு கை அளவு ஏறினாள். மூக்கைப் பிடித்து ஊதினாள். திரும்பவும் இறங்கினாள். என்னைப் பார்த்து விரலால் வட்டம் போட்டுக் காட்டினாள். ஓகே.

அதற்குப் பிறகு கப்பல் வந்தது. வந்தது என்றுதான் சொல்லவேண்டும், ஏனென்றால் நாங்கள் போன மாதிரியே இல்லை. முதலில் வெறும் பச்சை. பிறகு அந்தப் பச்சைக்குள் ஒரு கறுப்பு. பிறகு அந்தக் கறுப்புக்கு விளிம்பு முளைத்து, பலகை முளைத்து, முறிந்த பாய்மரம் முளைத்து, ஒரு முழுக் கப்பல். ரயர் கடையில் நான் லொறிகளைப் பார்த்திருக்கிறேன். இது ஐந்தாறு லொறியை வரிசையாக நிறுத்தின அளவு. முன்பக்கம் எழும்பி நின்றது, இப்போதுதான் புறப்படப் போகிற மாதிரி. எனக்குத் தலை கிறுகிறுத்தது. ஆழத்தாலா, குளிராலா, சந்தோசத்தாலா என்று தெரியாது. எல்லாம் சேர்ந்துதான் இருக்கும். "சூப்பர்!" என்று சொல்ல என் பெருவிரல் தானாகவே மேலே எழும்பியது. தண்ணீருக்கடியில் பெருவிரலைத் தூக்கினால் 'மேலே போவோம், இத்தோடு முடிந்தது' என்று அர்த்தம். ஒருத்தர் காட்டினால் மற்றவர் மறுபேச்சுப் பேசாமல் ஏறவேண்டும். நல்லகாலம், மற்றக் கையால் அந்த விரலைப் பிடித்து மடக்கிவிட்டேன். என்னுடைய பெருவிரலை நானே கைது பண்ணிக்கொண்டு நூறு வருடக் கப்பலுக்கு மேலே மிதந்தேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அவள் நேரே பின்பக்கத்துக்குப் போனாள், வழி தெரிந்தவள் மாதிரி. எத்தனை தரம் அந்தப் படத்தைப் பார்த்திருப்பாள். நான் பின்னாலே போனேன். ஓரிடத்தில் அவள் கால் அடிப்பதை நிறுத்திவிட்டாள். அடுப்பு வந்துவிட்டது என்று விளங்கியது.

அவள் அதற்கு முன்னால், பலகையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், அசையாமல் மிதந்தாள். எதையும் தொடக்கூடாது என்பது சட்டம். இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டிருந்தாள், இடது கையை ஒளிக்காமல், கதகதப்பாக. வலது கையில் பிடித்திருந்த டோர்ச் வெளிச்சத்தை மட்டும் மெல்ல மெல்ல நகர்த்தினாள். அவளுடைய குமிழிகள் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தன. மூச்சு அப்படி ஆறுதலாக இருந்தது.

நானோ ஆடத் தொடங்கியிருந்தேன். முதலில் தாடை. பிறகு தோள். வெட் சூட் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. உள்ளே வந்த தண்ணீரைச் சூடாக்க என்னிடம்தான் சூடு இல்லை. காற்று அளவு பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் நிற்க என்னுடையதும் காணும், அவளுடையதும் காணும். நான் மட்டும் காணாது. ஒரு பெருவிரலைத் தூக்கினால் போதும். தூக்கவில்லை. அவள் எந்தப் பக்கம் வெளிச்சம் பிடிக்கிறாள், குமிழி ஒழுங்காகப் போகிறதா, கை நனைகிறதா என்று அவளையே பார்த்துக்கொண்டு, பல்லால் ரப்பரை இறுக்கிக் கடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும். இன்னும் கொஞ்சம்.

அவள் திரும்பினாள். ஓகேயா என்று விரல் வட்டம் போட்டுக் கேட்டாள். நான் வட்டம் போட்டேன். என் வட்டம் நடுங்கின நடுக்கத்தில் அது எட்டு மாதிரி வந்தது.

அக்கா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அடுப்பை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளே பெருவிரலைத் தூக்கினாள். நான் இல்லை என்று தலையாட்டினேன், இன்னும் பார் என்று அடுப்புப் பக்கம் கை காட்டினேன். அவள் பெருவிரலை என் கண்ணாடியில் முட்டுகிற அளவு கிட்டக் கொண்டுவந்தாள். மறுபேச்சு இல்லை. காப்பு இருந்த என் வலது கையைப் பிடித்தாள். ஒரு உருளைக்கிழங்கு மூட்டையை இழுக்கிற மாதிரிக் கயிற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நிற்கவேண்டிய இடங்களில் நின்று நின்று, அந்தக் கையை விடாமலே மேலே கொண்டுவந்தாள்.

தலை வெளியே வந்ததும் வாயிலிருந்து ரப்பரைத் துப்பினாள்.

"விசரா! குளிருதெண்டா சொல்ல ஏலாதோ?"

"வா-வாயில ரப்பர். எ-எப்பிடிச் சொல்லுறது?"

"விரல் எதுக்கு இருக்கு?"

"கை நனைஞ்சதோ?"

அவள் இடது கையைத் தூக்கி ஆட்டினாள். "ஒரு சொட்டு இல்லை!" முகமெல்லாம் சிரிப்பு. கண்ணாடி அழுத்தின அச்சு வட்டமாகச் சிவந்து கிடக்க, மூக்கு வடிய வடிய, அவ்வளவு வடிவாக நான் அவளைப் பார்த்ததில்லை. படகுக்காரர்கள் எங்கள் பக்கம் கயிறு எறிந்துகொண்டிருந்தார்கள். அவளுக்கு அது ஒன்றும் தெரியவில்லை. "கண்டனானடா! கதவு பாதி திறந்து கிடக்கு! உள்ளுக்கு ஒரு சட்டி இருக்கு, சட்டி! படத்தில அது இல்லை! நீயும் பாத்தனீதானே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு மணித்தியாலம் கார் ஓடி, நூலைக் கடித்து, எட்டு மாடி இறங்கி, அந்த அடுப்பை நான் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

"ஓம், ஓம். வடிவான அடுப்பு."

அவள் கண்ணைச் சுருக்கினாள். என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவள். "கதவில எழுத்து ஒண்டு இருந்தது. என்னெண்டு சொல்லு பாப்பம்?"

"மேட் இன் சைனா," என்றேன்.

அவள் ஒரு கை தண்ணீரை அள்ளி என் முகத்தில் அடித்தாள். பிறகு சிரித்தாள், தலையைப் பின்னுக்கு எறிந்து, வாயைப் பெரிதாகத் திறந்து. ஓர் அலை வந்து நேரே அந்த வாய்க்குள் போனது. புரைக்கேறி இருமினாள், இருமிக்கொண்டே சிரித்தாள். கப்டன் படகின் விளிம்பில் குனிந்து, ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். அக்கா பதில் சொல்ல வாய் திறக்க, இன்னுமோர் அலை.